மருதாணி மாலையும் மங்கல ஆடையும்

தமிழர் மணவினையில் ஆடை என்றவுடன் நினைவுக்கு வருவது கூறைப்புடவையே. மணமகன் வீட்டார் எடுத்துவரும் அப்புடவையின் நிறத்தையும் கரையையும் பற்றிப் பல நாள் பேசாத குடும்பம் நம்மிடையே இல்லை. ஆயினும், வடபுலத்தில் வந்து வாழும் நம்மவர் வீடுகளிலே இந்நாளில் வேறொரு கேள்வியும் எழுந்திருக்கிறது. மணநாளுக்கு முந்திய மாலையில் நடைபெறும் மருதாணி விழாவுக்கு, அதாவது இவ்வூரார் 'மெஹந்தி' என்று வழங்கும் அவ்விழாவுக்கு, மணமகள் எதனை உடுத்துவது? அவள் தாயார் எதனை உடுத்துவது? வந்திருக்கும் மகளிர் அனைவரும் பச்சையே அணிதல் வேண்டுமா?

கேள்வி சிறியதுதான். ஆனால், இதனை முன்னிட்டுப் பாட்டிமார் முகம் சுருங்கியதும், சம்பந்தி வீட்டார் மனம் நொந்ததும், ஒரு மாலைப்பொழுதுக்காகப் பல மாதச் சேமிப்புக் கரைந்ததும் நம் குடியிருப்பினர் அறியாதவை அல்ல. 'இது நம் வழக்கமே அன்று; விட்டுவிடுங்கள்' என்பார் ஒரு சாரார். 'இவ்வூரில் பிறந்து வளர்ந்த பெண், தன் தோழியர் செய்வதைத் தானும் செய்ய விரும்புகிறாள். அதில் என்ன குற்றம்?' என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் கட்சியை வலியுறுத்துகிறார்களேயன்றி, அவ்வழக்கம் எங்கே தோன்றியது, அவ்வுடை எவ்வாறு வந்தது என்று ஆராய்வார் அரியர். அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

முதலில் மருதாணியின் இயல்பைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். ஆடையின் வரலாறு முழுவதும் அவ்விலையின் சாயத்தோடு பின்னிக் கிடக்கிறது. மருதாணிக்கு ஐவணம், அழவணம் என்னும் பெயர்களும் தமிழில் உண்டு. அரைத்த இலையிலிருந்து வெளிப்படும் சாயப்பொருள் நம் தோலிலும் நகத்திலும் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. விழுதை உதிர்த்தவுடன் இளஞ்சிவப்பாகத் தோன்றும் நிறம் ஓரிரு நாளில் காற்றுப்பட்டுக் கருஞ்சிவப்பாக முதிர்கிறது. இதனாலேதான் மணத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னர் மருதாணி இடுகிறார்கள். நாள் பார்த்து வைத்த சடங்கு மட்டும் அன்று, சாயம் முதிரும் கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது. இனி, பட்டும் புரதத்தால் ஆன இழையே. ஆகவே தோலில் பற்றும் மருதாணி பட்டிலும் பற்றும். மணமகள் விரலிலிருந்து ஒரு துளி மடியில் விழுந்தால், எத்தனை முறை அலசினும் அக்கறை முற்றும் நீங்குவதில்லை. இச்சிறு உண்மையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கையும் காலும் சிவக்கச் செய்யும் விருப்பம் தமிழ் மகளிர்க்குப் புதியது அன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலே மாதவி தன்னை அணிசெய்துகொள்ளும் பகுதியில், அவள் அடிகளுக்கு அலத்தகம் ஊட்டிய செய்தி வருகின்றது. அலத்தகம் என்பது செம்பஞ்சுக் குழம்பு, மருதாணி அன்று. அரக்கிலிருந்து எடுத்த சிவப்பைப் பஞ்சில் தோய்த்துப் பாதங்களில் தீட்டுவர். அது தோலின் மேல் நிற்பது, கழுவினால் போய்விடும். மருதாணியோ தோலினுள் ஊறுவது. பிற்காலத்தில் மருதாணி, செம்பஞ்சின் இடத்தைப் பெரும்பாலும் கைப்பற்றிக்கொண்டது. ஆடி மாதத்தில் அம்மியில் அரைத்து, விரல்நுனிகளில் தொப்பியாக வைத்து, உள்ளங்கையில் வட்டமாக இட்டு, இரவு முழுதும் துணி சுற்றிக்கொண்டு உறங்கிய அனுபவம் நம் தாய்மார் பலர்க்கு உண்டு. ஆகவே 'மருதாணியே நமக்கு அயல்' என்பது பொருந்தாது. அயலானது அதனைச் சூழ்ந்த விழாவும் அதற்குரிய ஆடையுமே.

பண்டைத் தமிழர் மணத்தில் ஆடையைப் பற்றிய கருத்து வேறு. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு திருமணம் காட்டப்படுகிறது. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். அவள் புத்தாடைக்குள் ஒடுங்கியிருக்கிறாள். அப்புத்தாடையைப் புலவர் கோடி என்னும் சொல்லாலேயே குறிக்கிறார். நாம் இன்றும் அச்சொல்லை விடவில்லை. மங்கலம் என்றால் கோடி உடுத்துவது நம் மரபு. வடபுலத்தில், குறிப்பாகப் பஞ்சாபிலும் கங்கைச் சமவெளியிலும், மணத்துக்கு முந்திய நாள்களின் மரபு இதற்கு நேர்மாறாக இருந்தது. மஞ்சளும் மாவும் பூசும் நாள்களில் மணப்பெண் பழைய ஆடையையே உடுத்தியிருப்பாள். பூச்செல்லாம் படிந்து அழுக்கேறிய அவ்வுடையைக் களைந்து, நீராடி, மணவறைக்குச் செல்லும்போதுதான் புத்தாடை புனைவாள். அழுக்கிலிருந்து ஒளிக்கு வருவது போன்ற தோற்றம் அதில் உண்டு. மருதாணி இடும் மாலையும் அந்நாள்களுள் ஒன்றே. கறைபடும் வேலைக்குக் கறைபட்டாலும் வருந்தாத துணி என்பதே அக்காலத்தார் கணக்கு. இன்று அம்மாலைக்கென்றே பல்லாயிரம் ரூபாய் கொடுத்துப் பட்டு வாங்குகிறோம் என்றால், வழக்கம் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்றே சொல்லுதல் வேண்டும்.

எனினும், மணவீட்டில் ஆடைக்காக ஆரவாரம் செய்வது புதிய பழக்கம் என்று எண்ணிவிடலாகாது. தில்லியிலிருந்து வடக்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவில் குருட்சேத்திரத்தை ஒட்டியுள்ள தானேசரம், ஒருகாலத்தில் பேரரசர் ஹர்ஷரின் முன்னோர்க்குத் தலைநகராக விளங்கியது. அங்கே ஹர்ஷரின் தங்கை ராஜ்யஸ்ரீக்கு நடந்த திருமணத்தை, 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாணபட்டர் தம் ஹர்ஷசரிதத்திலே விரித்துரைக்கின்றார். மணநாள் நெருங்குகிறது, அரண்மனை முழுவதும் ஒரு சாயப்பட்டறையாக மாறிவிடுகிறது. துணியை முடிந்து சாயமிடும் கலையில் வல்ல மகளிர் ஒருபுறம் துணிகளை முடிகின்றனர். முடிந்த துணிகள் சில. முடிந்துகொண்டிருக்கும் துணிகள் சில. அந்தப்புரத்து மூதாட்டியர் சாயக்காரரைப் பரிசளித்துப் போற்ற, அவர் மனம் மகிழ்ந்து துணிக்கு நிறம் ஏற்றுகின்றனர். சாயம் தோய்ந்த துணியின் இரு முனைகளையும் ஏவலர் பற்றி உதறி உலர்த்துகின்றனர். வேறொருபுறம் துணிகளில் இலைக்கொடி வடிவங்கள் தீட்டப்படுகின்றன. நாரால் ஆனவை, பருத்தியால் ஆனவை, பட்டால் ஆனவை, பாம்பின் சட்டை போல மெல்லியவை என்று ஆடை வகைகளை அவர் அடுக்கிச் செல்வதைப் படிக்குங்கால், ஒரு பெரிய துணிக்கடையில் நிற்பது போலவே தோன்றும். சாயக்காரரை மூதாட்டியர் உபசரித்த அச்சிறு குறிப்பு எனக்கு மிகவும் உவப்பானது. நாள் தவறாமல் துணி வரவேண்டுமே என்னும் கவலை அரண்மனைக்கும் இருந்தது! (அம்மணமகளின் வாழ்வு பின்னர்த் துயரில் முடிந்தது, அவள் கணவன் கிரகவர்மன் பகைவரால் கொல்லப்பட்டான். அதனை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.)

பாணபட்டர் காட்டும் முடிச்சுச் சாயமே இன்று 'பாந்தனி' என்று குஜராத்திலும் இராசபுதனத்திலும் வழங்குவது. துணியைச் சிறு சிறு புள்ளிகளாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் புள்ளி தோன்றும். ஒரு நிறத்துக்கு ஒருமுறை கட்டி, மறு நிறத்துக்கு மீண்டும் கட்டி, வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடிப்பார்கள். கட்டுவோர் பெரும்பாலும் மகளிரே. துணியைக் கிள்ளுவதற்கென்றே சுண்டுவிரல் நகத்தை நீள வளர்த்திருப்பார்கள். சிலர் கூர்முனை வைத்த மோதிரம் அணிவார்கள்.

குஜராத்தியர் மணத்தில் இத்துணிக்குத் தனிச் சிறப்பு உண்டு. வெண்பட்டில் செங்கரை வைத்த 'பானேதர்' என்னும் புடவையைப் பெண்ணின் தாய்மாமன் அளிப்பான். கட்டம் கட்டமாகச் சரிகை ஓட, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் முடிச்சுச் சாய உருக்கள் அமைந்த 'கர்ச்சோலா'வை மணமகன் வீட்டார் அளிப்பர். அது சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். தாய்மாமன் சீரும், மணமகன் வீட்டார் எடுக்கும் கூறையும் நமக்குத் தெரியாதவையா? நம் கூறைநாட்டுப் புடவையும் கட்டம் போட்டதே என்பதை எண்ணிப் பார்க்குங்கால், வியப்பு மேலும் ஓங்கும். இதைக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று முடிவு கட்டிவிடுதல் தகாது. பெண்ணுக்கு யார் எதனை உடுத்தக் கொடுப்பது என்னும் உரிமையை இரு நாட்டாரும் ஒரே கருத்தோடு வகுத்திருக்கிறார்கள் என்ற அளவில் நிற்போம்.

பாந்தனிக்கும் தமிழகத்துக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. அது மதுரைச் சுங்குடி. நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைகொண்ட சௌராஷ்டிர மக்கள், தாம் கொண்டுவந்த முடிச்சுச் சாயக் கலையைப் பருத்திப் புடவையில் செய்தார்கள். மேற்கே பிறந்த கலை, காவிரியையும் கடந்து வைகைக் கரையில் வேரூன்றியது. இப்படி ஊர்விட்டு ஊர்போன நெசவாளர் கதை இன்னும் பழையது ஒன்றும் உண்டு. மத்தியப் பிரதேசத்து மந்தசோரிலே கிடைத்த கல்வெட்டு, லாட நாட்டிலிருந்து, அதாவது தென்குஜராத்திலிருந்து, குடிபெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் குழுவைப் பற்றியது. அவர்கள் கி.பி. 437இல் அங்கே கதிரவனுக்கு ஒரு கோயில் எடுத்தார்கள். 473இல் அதனைப் பழுது பார்த்தார்கள். புதிய ஊரில் சிலர் நெசவையே தொடர்ந்தனர்; சிலர் வில்வித்தையிலும், சிலர் வானநூலிலும், வேறு சிலர் பிற தொழில்களிலும் புகுந்தனர். அவர்தம் பட்டின் பெருமையைச் சொல்ல வந்த புலவர், ஒரு பெண் இளமையும் அழகும் அணியும் மாலையும் எல்லாம் பெற்றிருந்தாலும், பட்டாடை இரண்டை உடுத்தும் வரையில் தன் காதலனைக் காணச் செல்லமாட்டாள் என்னும் கருத்தை அமைத்திருக்கிறார். கோயிற் கல்வெட்டிலேயே தம் சரக்குக்கு விளம்பரம் செய்துகொண்ட அவர்தம் திறமையை மெச்சத்தான் வேண்டும். அயலூரில் குடியேறிச் சங்கம் கூட்டி வாழும் நமக்கு, ஒன்றரை ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அக்கூட்டத்தார்மீது ஒருவகைப் பரிவு எழுவது இயல்பே.

இனி மருதாணி மாலை என்னும் விழாவுக்கு வருவோம். மொகலாயர் அரண்மனையில் இதற்கு 'ஹினா-பந்தி' என்று பெயர். ஷாஜஹானின் மூத்த மைந்தன் தாரா ஷுக்கோவுக்கும், அவன் பெரிய தந்தை பர்வேஸின் மகள் நாதிரா பானுவுக்கும் ஆக்ராவில் 1633ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருமணம் நடைபெற்றது. இம்மணத்தை விரும்பிப் பேசி முடித்தவள் மும்தாஜ். ஆயின் 1631இல் அவள் மறைந்துவிட்டாள். அன்னை விட்டுச் சென்ற பொறுப்பை, இருபது வயதும் நிரம்பாத மகள் ஜஹானாரா ஏற்றுக்கொண்டாள். மணத்துக்கு ஆன செலவு 32 இலட்சம் ரூபாய் என்றும், அதில் 16 இலட்சத்தை ஜஹானாராவே தன் பொருளிலிருந்து அளித்தாள் என்றும் அக்கால வரலாற்று ஏடுகள் கணக்குச் சொல்கின்றன. மணத்துக்கு முந்திய இரவு மருதாணி விழா விளக்கொளியோடும் வாணவேடிக்கையோடும் நடந்தது. அதில் மருதாணி இட்டுக்கொண்டவன் மணமகன் என்பதை நோக்குக. ஆடவர் கைக்கு மருதாணி ஆகாது என்று இந்நாளில் நகைப்பவர், அந்த அரசகுமாரனை நினைத்துக்கொள்ளுதல் நலம். ஷாஜஹானின் வரலாறாகிய பாதுஷாநாமாவின் ஓவிய ஏட்டில் இத்திருமண ஊர்வலமும், சீர்த்தட்டுகளைச் சுமந்து செல்வோர் வரிசையும் தீட்டப்பட்டுள்ளன. அவ்வேடு இன்று இங்கிலாந்தில் வின்ட்சர் மாளிகை நூலகத்தில் இருக்கிறது.

அரண்மனை வழக்கம் நகரத்துச் செல்வர்க்கும், அவர்வழி ஏனையோர்க்கும் பரவுவது எக்காலத்தும் உள்ளதே. பழந்துணி உடுத்த பெண்ணைச் சுற்றித் தோழியர் பாடிய எளிய மாலை ஒருபுறம் இருக்க, விளக்கும் விருந்தும் பட்டும் கூடிய மாலை மற்றொருபுறம் வளர்ந்தது. இன்று நாம் காணும் மெஹந்தி விழா இவ்விரண்டும் கலந்த கலவை. பாட்டும் கேலியும் முன்னதன் வழிவந்தவை. உடையும் ஒப்பனையும் பின்னதன் வழிவந்தவை.

பஞ்சாபியர் உடைமரபைத் தனியே சொல்லாமல் விடுதல் முடியாது. நம்மவர் பலர் இவ்வழக்கத்தைக் கற்றதே பஞ்சாபியர் அண்டை வீடுகளில்தான். அவர்கள் மங்கல ஆடை புல்காரி. 'பூவேலை' என்பது அச்சொல்லின் பொருள். முரட்டுக் கதர்த்துணியை மஞ்சிட்டி போன்ற வேர்ச்சாயத்தால் சிவப்பேற்றி, முறுக்காத பட்டு நூலால், துணியின் பின்புறமிருந்து இழைகளை எண்ணி எண்ணித் தைப்பார்கள். பூ மலர்வது முன்புறத்தில். தைப்பவள் பார்ப்பதோ பின்புறம்! துணியே தெரியாதவாறு நூலால் நிரப்பிவிட்டால் அதற்குப் 'பாக்', அதாவது தோட்டம், என்று பெயர். பெண்குழந்தை பிறந்ததும் தாய்வழிப் பாட்டி ஒரு துணியைத் தைக்கத் தொடங்குவாள். அதற்குச் 'சோப்' என்று பெயர். இருபுறமும் ஒன்றுபோலத் தோன்றும்படி தைப்பது அதன் தனித்தன்மை. மணத்துக்கு முன்னர்ச் சடங்கு நீராட்டு முடிந்ததும் பேத்தியை அதனால் போர்த்துவார்கள். கடையில் வாங்கும் பொருளன்று அது. ஒரு பாட்டியின் பல்லாண்டுப் பொழுது அதில் தைக்கப்பட்டிருக்கிறது.

1947இல் நாடு துண்டுபட்டபோது, மேற்குப் பஞ்சாபிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் எதை எடுத்து வர முடிந்தது? பெட்டிகளில் உறங்கிய புல்காரிகள் பல அங்கேயே தங்கிவிட்டன. வந்தவற்றுள்ளும் பல வயிற்றுப்பாட்டுக்காக விற்கப்பட்டன. அமிர்தசரஸில் 2017இல் திறக்கப்பட்ட பிரிவினை நினைவுக்கூடத்தில் புல்காரி வேலை செய்த ஒரு மேலங்கி இருக்கிறது. அதன் அருகே ஒரு தோற்பை இருக்கிறது. அங்கி ஒரு பெண்ணுடையது. பை அவளுக்குப் பேசி முடித்திருந்த இளைஞனுடையது. கலகத்தில் பிரிந்த இருவரும் அகதி முகாமில் உணவுக்காக வரிசையில் நிற்கும்போது ஒருவரையொருவர் கண்டனர். 1948இல் மணம் புரிந்துகொண்டனர். உற்றார் உறவினரையும் வீட்டையும் நிலத்தையும் இழந்த பெண்ணுக்கு, அவ்வொரு துணியே பிறந்தகம் முழுவதுமாக இருந்திருக்கும்.

அவ்வாறு வந்தவர்களுள் மிகப் பலர் தில்லியின் கரோல்பாக் போன்ற பகுதிகளில் குடியேறினார்கள். அரசாங்க அலுவலின்பொருட்டு வந்த தமிழ்க் குடும்பங்களும் அங்கேயே மிகுந்திருந்தன. சுவருக்கு இப்புறம் சாம்பார் மணமும் அப்புறம் தந்தூர் அடுப்பின் மணமும் எழுந்த அத்தெருக்களில்தான், நம் பெண்கள் அண்டைவீட்டுத் தோழியின் மெஹந்திக்குச் சென்று கை நிறையக் கோலத்தோடு திரும்பினார்கள். தம் திருமணத்திலும் அதனை விரும்பினார்கள். இதனைப் 'பிறரைப் பார்த்துப் போடும் வேடம்' என்று இழித்துரைப்பது நேர்மை ஆகாது. அண்டை வீட்டாரிடம் பெற்றது கடன் அன்று, கொடுக்கல் வாங்கல். அவர்கள் வீட்டு விருந்துகளில் இட்டலியும் தோசையும் ஏறிவிட்டதை நாம் குறையாகக் கூறுகின்றோமா?

பச்சை நிறம் எப்படி இவ்விழாவுக்கு உரியதாயிற்று? மருதாணி இலையின் நிறம் அது. மழையின் நிறம், விளைவின் நிறம். மராத்தியரிடத்தே மணப்பெண்ணுக்குப் பச்சை வளையலும் பச்சைப் புடவையும் பழமையான மங்கலப் பொருள்கள். இவற்றோடு, சிந்தும் பச்சை விழுது பச்சைத் துணியில் உடனே கண்ணை உறுத்தாது என்னும் எளிய வசதியும் உண்டு. ஆனால் சாயவேலையின் வரலாற்றைப் பார்த்தால், பச்சை அக்காலத்தில் அவ்வளவு எளிதில் கிடைத்த நிறம் அன்று. நல்ல பச்சையை ஒரே செடியிலிருந்து பெற முடியாது. முதலில் அவுரித் தொட்டியில் முக்கி நீலமேற்றி, பின்னர் மஞ்சளிலோ மாதுளந்தோலிலோ தோய்த்து மஞ்சளேற்றினால்தான் பச்சை பிறக்கும். இரட்டை வேலை, இரட்டைக் கூலி. வெயிலிலும் சலவையிலும் மஞ்சள் முன்னே மங்கிவிட, பச்சைச் சேலை நாளடைவில் நீலச் சேலையாகிவிடும். 1856இல் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தபின், ஒன்றன்பின் ஒன்றாக இரசாயன நிறங்கள் வந்து குவிந்தன. எந்தப் பச்சையும் எவர்க்கும் எளிதாயிற்று. ஆகவே ஒரு கூட்டத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே பச்சையில் நிற்கும் காட்சி, பழைய நூற்றாண்டுகளில் எளியோர் வீட்டுக்கு எட்டாத காட்சி.

அக்காட்சியை நாடு முழுவதும் பரப்பியது திரைப்படம். 1995இல் வெளிவந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' என்னும் இந்திப் படத்தில், பஞ்சாபு நாட்டு மணவீட்டில் மருதாணியைப் பற்றிய ஒரு பாட்டு வருகிறது. நாயகி கஜோல் பச்சைப் பாவாடையும் மேலாடையும் அணிந்து அதில் தோன்றுகிறாள். அதன்பின் மெஹந்தி என்றால் பச்சை என்பது ஏறக்குறைய எழுதாச் சட்டமாகிவிட்டது. சாத்திரம் செய்யாததைச் சினிமா செய்துவிட்டது! பாட்டிமார் 'எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது?' என்று வினவும்போது, பேத்திமார் சொல்லத்தக்க நேர்மையான விடை அந்தப் படத்தின் பெயரே.

பாவாடை என்றேன், இவ்வூரார் அதனை லெஹங்கா என்றும் காக்ரா என்றும் வழங்குவர். அவ்வுடை இவ்விழாவுக்கு ஏற்றதா என்பதை, அழகை ஒதுக்கிவைத்து, பயனை மட்டும் கொண்டு பார்ப்போம். மருதாணி இட்ட பெண்ணுக்கு நான்கைந்து மணிநேரம் இரு கைகளும் இல்லை என்றே கொள்ளுதல் வேண்டும். சரிந்த முந்தானையை அவளால் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. அவிழ்ந்த கொசுவத்தைச் செருக இயலாது. தைத்த உடைக்கு இந்தத் தொல்லை இல்லை. கோலம் முழங்கை வரை ஏறுவதால் குட்டைக்கை வேண்டும். காலிலும் இடுவதால் கணுக்காலுக்கு மேல் சிறிது தூக்கிக்கொள்ளத்தக்க பாவாடை வேண்டும். கழுத்து வழியே மாட்டிக் கழற்றும் இறுகிய சட்டை கூடாது. கோலம் உலருமுன் மாற்ற நேர்ந்தால் அழிந்துபோகும். இவற்றையெல்லாம் கருதினால், வடநாட்டார் தைத்த உடையைத் தேர்ந்தது காரணமின்றி அன்று என்பது விளங்கும். ஆனால் நம் பாவாடை தாவணியும் தைத்த பாவாடைதானே? இடையிலும் தோளிலும் ஊசி குத்திவிட்டால் தாவணி எங்கே போய்விடும்? பதினாறு வயதில் அணிந்த அவ்வுடையைக் கடைசி முறையாக மணத்துக்கு முன்னாள் மாலையில் அணிவதில் ஓர் இனிமையும் உண்டு. நம் பெண்களுள் சிலர் இவ்வாறு செய்யத் தலைப்பட்டிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன்.

ஒன்றைச் சற்று அழுத்தமாகவே கூற விரும்புகிறேன். 'அனைவரும் பச்சை உடுத்துக' என்னும் கட்டளை அழைப்பிதழோடு வரும்போது, அதனை ஏற்க இயலாதவர் இருவகையினர். ஒருவர், அம்மாலைக்கென்று புதுத்துணி வாங்கப் பொருளில்லாதவர். மற்றவர், கணவனை இழந்த மூதாட்டி. நிறம் உடுத்தக் கூடாது, மருதாணி கூடாது, முன்னே நிற்கக் கூடாது என்று அவளைப் பழைய வழக்கம் ஒதுக்கியது. ஒரே நிறத்துக் கூட்டத்தின் நடுவே அவளது வெளிறிய புடவை இன்னும் பளிச்சென்று அவளைப் பிரித்துக் காட்டுகிறது. புது வழக்கத்தை மேற்கொள்ளத் துணிந்த வீட்டார், இப்பழைய வழக்கத்தைக் கைவிடவும் துணிதல் வேண்டும். முதல் கோலத்தைப் பாட்டியின் கையில் இட்டுத் தொடங்கினால் எந்த மங்கலமும் குறைந்துவிடாது. அவர் உடுத்திவந்த புடவை எந்நிறமாயினும் அந்நிறமே அன்றைக்குப் பொருத்தமானது.

செலவு குறைக்க விரும்புவார்க்குத் தில்லியில் வழி இல்லாமல் இல்லை. சாந்தினி சௌக்கை ஒட்டிய கினாரி பஜாரிலே சரிகைப் பட்டையும் கோட்டா என்னும் மின்னற் கரையும் முழக்கணக்கில் கிடைக்கும். முற்காலத்தில் கோட்டா, மெய்யான பொன்னும் வெள்ளியும் கலந்த இழையால் ஆயது. இன்று கிடைப்பதில் பெரும்பகுதி நிறமேற்றிய செயற்கை இழை. ஆகவே விலையும் எளிது. பழைய பருத்திப் பாவாடையில் அதனை வைத்துத் தைத்தால் அம்மாலைக்குப் போதுமானது. கோலமிடவும் கன்னாட்பிளேசு அருகே அனுமார் கோயிற்புறத்தில் அமர்ந்திருக்கும் மகளிர் உளர். ஆனால் கறுப்பு நிறம் உடனே பிடிக்கும் என்று சொல்லித் தருகின்ற விழுதைக் கையால் தொடாதீர்கள். மருதாணி இலை கறுப்பாகப் பற்றாது. தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் இரசாயனப் பொருளைக் கலந்தே அந்நிறத்தை வரவழைக்கிறார்கள். அதனால் தோல் கொப்புளித்துத் தழும்பு விழுந்தவர் உண்டு.

பருத்தி வேண்டும், கறைபட்டால் வருத்தம் கூடாது, பச்சையும் இருக்கட்டும், நம் ஊர்ப் பெயரும் இருக்கட்டும் என்று கேட்பார்க்கு என் விடை மதுரைச் சுங்குடியே. பச்சையில் வெண்புள்ளி இட்ட சுங்குடியை மணமகளின் தாயும் சிற்றன்னையரும் அத்தையரும் உடுத்திவந்தால், குஜராத்துச் சம்பந்தியர்கூட 'இது எங்கள் பாந்தனி அன்றோ!' என்று அருகே வந்து தொட்டுப் பார்ப்பார்கள். பேச்சுத் தொடங்க அதைவிட நல்ல வாயில் வேறில்லை. ஊரிலிருந்து வரவழைப்போர் ஒன்றைக் கவனித்து வாங்குக. இன்று சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சிட்டதும் மெழுகு வைத்துச் சாயமிட்டதுமே. அவற்றில் புள்ளி எல்லாம் ஓரளவாகத் தட்டையாக இருக்கும். கையால் முடிந்த புடவையில் புள்ளிக்குப் புள்ளி வடிவம் சிறிது மாறும். விரலால் தடவினால் முடிச்சு இருந்த இடம் மேடாகத் தெரியும். வாங்கியதும் தனியே இரண்டு முறை தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி வையுங்கள். முதலில் சிறிது சாயம் இறங்கும். அது மருதாணியோடு சேர்ந்து மணப்பெண்ணின் பாவாடையில் இறங்காமல் இருக்க வேண்டுமே!